வெளிநாட்டுப் பார்சலில் சிக்கலா? கனடாவில் இருப்பவர்களுக்கு அறிகுறி வாரியாக வழி

பார்சலோடு ஒரு பில் வந்தவுடன் "கஸ்டம்ஸ் இவ்வளவு அடித்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பில்லில் மூன்று வகைக் காசு கலந்திருக்கும். முதலாவது சுங்கத் தீர்வை. பொருள் என்ன, எந்த நாட்டில் செய்தது என்பதைப் பார்த்து அது கூடும், குறையும், சிலவற்றுக்கு இருக்கவே இருக்காது. இரண்டாவது விற்பனை வரி, ஒன்ராறியோவில் 13 சதவீத எச்எஸ்டி. மூன்றாவது, பார்சலைக் கொண்டுவந்த தபாலோ கூரியரோ தன் வேலைக்கு எடுக்கும் கட்டணம். முதல் இரண்டையும் போடுவது எல்லைச் சேவைகள் முகவரகம், அதாவது சிபிஎஸ்ஏ. மூன்றாவதோடு அவர்களுக்குச் சம்பந்தமே இல்லை. கூரியர் கட்டணத்தைப் பற்றி சிபிஎஸ்ஏ-யிடம் சண்டை பிடிப்பதும், தீர்வை கூடிவிட்டதென்று தபால்காரரோடு வாதாடுவதும் நேரத்துக்குக் கேடு. இந்த மூன்றில் எதில் பிழை என்று முதலில் பாருங்கள்.

கீழே உள்ளவை சொந்தப் பாவனைக்கு வாங்குபவர்களுக்கு. வரிக் கணக்குகள் ஒன்ராறியோவுக்கானவை. அல்பேர்ட்டாவில் 5 சதவீத ஜிஎஸ்டி மட்டும்தான், மற்ற மாகாணங்களில் வேறு. எதைத் தொடங்குவதற்கு முன்னும் நாலு விஷயத்தை எடுத்து வையுங்கள்: கடையின் இன்வாய்ஸ், நீங்கள் காசு கட்டியதற்கான ஆதாரம், டிராக்கிங் எண், பெட்டியில் ஒட்டியிருக்கும் சுங்கப் படிவத்தின் படம். பெட்டியைக் கிழித்து எறிந்துவிட்டுப் பிறகு தேடுபவர்கள்தான் அதிகம்.

தபாலில் வந்தது, கொடுப்பதற்குக் காசு கேட்கிறார்கள்

பெட்டியில் ஈ14 என்ற தாள் ஒட்டியிருக்கும். மதிப்பு, பொருளின் வகை எண், தீர்வை, வரி எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். அதன் கீழே 9.95 டொலர் என்று இன்னொரு தொகை. அது கனடா போஸ்ட் எடுக்கும் கையாளும் கட்டணம். தீர்வையோ வரியோ ஒரு சதம் வந்தாலும் இதுவும் சேர்ந்து வரும். 22 டொலர்ப் பொருளுக்கு வரி 3 டொலரும் இல்லை, கட்டணம் மட்டும் கிட்டத்தட்ட 10 டொலர் என்று வயிறு எரிவது இதனால்தான்.

20 கனடிய டொலர் வரை உள்ள பொருளுக்குத் தீர்வையும் இல்லை, வரியும் இல்லை. மதுவுக்கும் புகையிலைக்கும் இந்தச் சலுகை கிடையாது. 20-ஐத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், முழு மதிப்புக்கும் போடுவார்கள்.

கணக்கு எப்படி ஓடும் என்பதற்கு ஓர் உதாரணம். சென்னைக் கடையொன்றில் 120 கனடிய டொலருக்குத் தைத்த சுரிதார் வாங்கி, அது தபாலில் வருகிறது. தைத்த ஆடைகளுக்குப் பெரும்பாலும் 17 அல்லது 18 சதவீதத் தீர்வை. 18 என்று வைத்தால் 21.60. எச்எஸ்டி இந்தத் தீர்வையையும் சேர்த்த தொகைக்குத்தான், அதாவது 141.60-க்கு 13 சதவீதம், 18.41. இரண்டும் சேர்ந்து 40.01. கட்டணம் 9.95. ஆக 49.96 டொலர். 120 டொலர்ச் சுரிதார் 170 ஆகிறது. இந்தியாவுக்கு முன்பு பொதுச் சலுகைத் தீர்வை, அதாவது வளரும் நாடுகளின் பொருட்களுக்கான குறைந்த தீர்வை, இருந்ததே என்று சிலர் கேட்பார்கள். 2015 ஜனவரியோடு இந்தியாவை அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

அதே சுரிதாரை அமெரிக்காவில் உள்ள ஒரு கடை தன் கிடங்கிலிருந்து கூரியரில் அனுப்பினால் கதை வேறு. அமெரிக்காவில் இருந்தோ மெக்சிக்கோவில் இருந்தோ கூரியரில் வருபவற்றுக்கு 2020 ஜூலை முதல் 150 டொலர் வரை தீர்வை இல்லை, 40 டொலர் வரை வரியும் இல்லை. 120 டொலருக்கு எச்எஸ்டி 15.60 மட்டும், அதோடு கூரியர் கேட்கும் கட்டணம். இந்தச் சலுகை கூரியருக்கு மட்டுமே. அதே கடை தபாலில் அனுப்பினால் பழைய 20 டொலர் எல்லைதான். வாங்கும்போது "எப்படி அனுப்புவீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்பது மலிவான வேலை.

புத்தகம் வாங்குபவர்களுக்கு நல்ல செய்தி: அச்சுப் புத்தகங்களுக்குத் தீர்வை இல்லை, ஒன்ராறியோவில் வரியும் 5 சதவீதம்தான். 13 போட்டிருந்தால் அது கேட்க வேண்டிய பிழை.

போட்ட தொகை சரியில்லை என்று தோன்றுகிறது

ஈ14-இல் உள்ள மதிப்பை இன்வாய்ஸோடு ஒப்பிடுங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மதிப்பு கூடியிருந்தால், அனுப்பும் செலவும் அதில் சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். இந்தியாவில் இறக்குமதிக்குத் தீர்வை கணக்கிடும்போது கப்பல், விமானக் கூலியையும் சேர்ப்பார்கள். கனடாவில் அப்படி இல்லை. இன்வாய்ஸில் தனியாகக் காட்டியிருந்தால் அனுப்பும் கூலியைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு. "சேலை, தபால் செலவு உட்பட 210 டொலர்" என்று கடைக்காரர் ஒரே வரியில் எழுதிவிட்டால் 210-க்கும் போடுவார்கள். அதனால் வாங்கும்போதே பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

மதிப்பு மூன்று மடங்குக்கு மேல் ஏறி நின்றால் நாணயத்தைச் சந்தேகப்படுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து அனுப்புபவர் "ரூபா 15,000" என்று மட்டும் எழுதுகிறார். எந்த நாட்டு ரூபா? ஓர் இந்திய ரூபாய் மூன்று இலங்கை ரூபாவுக்கு மேல் போகிறது. மாறி எடுத்தால் தொகை அப்படியே ஊதிவிடும். "இலங்கை ரூபா" என்று முழுதாக எழுதச் சொல்வது இதற்கான மருந்து.

மதிப்பு சரி, தீர்வைதான் கூட என்றால் பொருளின் வகை பிழையாக இருக்கலாம். படிவத்தில் "துணிமணி" என்றோ "சாமான்" என்றோ மொட்டையாக எழுதியிருந்தால் அதிகாரி தனக்குத் தெரிந்த வகையில் போடுவார். தைத்த ஆடைக்கும் தைக்காத துணிக்கும் வகை வேறு, வீதமும் வேறு. தைக்காத சேலையை "ஆடை" என்று எழுதினால் தைத்த ஆடையின் வீதத்தில் போய் விழ வழி உண்டு. "பட்டுச் சேலை, தைக்காதது, 1, இந்தியாவில் நெய்தது" என்று எழுதுவது எவ்வளவோ மேல். செய்த நாட்டையும் பாருங்கள். எங்கிருந்து அனுப்பியது என்பதும் எங்கே செய்தது என்பதும் வெவ்வேறு. தீர்வை வீதத்துக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

பிழை என்று உறுதியானால் இரண்டு வழி. ஒன்று, கேட்கும் காசைக் கட்டி, பார்சலை எடுத்துக்கொண்டு, பிறகு பி2ஜி என்ற படிவத்தை நிரப்பி, ஈ14, இன்வாய்ஸ், காசு கட்டிய ஆதாரம் சேர்த்து சிபிஎஸ்ஏ-யின் ரீஃபண்ட் நிலையத்துக்கு அனுப்புவது. மற்றது, பார்சலை ஏற்காமல் காரணம் சொல்லித் திருப்பி மறுபரிசீலனை கேட்பது. இரண்டாவது வீரமாகத் தோன்றும். ஆனால் பார்சல் மறுபடி வரிசைக்குப் போகும், எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. கல்யாணத்துக்குக் கூறைச் சேலை வருகிறதென்றால் முதல் வழிதான் ஒரே வழி. தொகை கட்டவே முடியாத அளவு பிழையாக இருந்தால் மட்டும் இரண்டாவதைப் பாருங்கள்.

அன்பளிப்பு என்று எழுதியும் வரி போட்டிருக்கிறார்கள்

60 கனடிய டொலர் வரையான அன்பளிப்புக்கு வரியும் தீர்வையும் இல்லை. 60-ஐத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் போடுவார்கள். 20 டொலர் விதியில் இருந்து இது மாறுபடும் இடம் இதுதான். பிரச்சினை மற்ற நிபந்தனைகளில் இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள ஒரு ஆள் உங்கள் பெயருக்கு அனுப்பியிருக்க வேண்டும். உள்ளே ஒரு வாழ்த்து மட்டையோ, இது அன்பளிப்பு என்று காட்டும் குறிப்போ இருக்க வேண்டும். மதுவும் புகையிலையும் இதில் சேராது.

கடையில் நீங்களே காசு கட்டி வாங்கியதைக் கடைக்காரர் "கிஃப்ட்" என்று எழுதி அனுப்பினால் அது அன்பளிப்பு ஆகாது. பொய் அறிவிப்புதான். "நாங்கள் எல்லாருக்கும் இப்படித்தான் போடுவோம், பயப்படாதீங்க" என்று சொல்லும் கடைக்காரருக்கு ஒன்றும் ஆகாது, சிபிஎஸ்ஏ பிடித்தால் பொருள் உங்களுடையதுதான் போகும். மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்வதும் இதே கதை. அதில் இன்னொரு நட்டமும் உண்டு. 300 டொலர்ப் பொருளை 30 என்று எழுதி, அது வழியில் தொலைந்தால் நட்டஈடும் அந்த 30-ஐ வைத்துத்தான்.

உண்மையிலேயே அம்மா அனுப்பிய அன்பளிப்புக்கு வரி போட்டிருந்தால் பி2ஜி படிவத்தோடு, வாழ்த்து மட்டையின் படத்தையும் அனுப்பியவர் எழுதிய ஒரு சிறு கடிதத்தையும் சேருங்கள்.

வரி 12 டொலர், கூரியர் கேட்பதோ அதைவிட அதிகம்

மிக அதிகமாகத் திட்டு வாங்குவது இந்தக் கட்டணம்தான், பாதி நேரம் நியாயமாகவே. கூரியர் நிறுவனம் உங்களுக்காகச் சுங்கத்தில் கணக்குக் காட்டி, உங்கள் வரியைத் தன் கையால் கட்டிவிட்டுப் பிறகு வசூலிக்கிறது. அதற்குத் தரகுக் கட்டணம், முற்பணக் கட்டணம் என்று பெயர் வைத்து ஒரு தொகை. அந்தக் கட்டணத்துக்கு மேல் மறுபடி எச்எஸ்டி. பொருளின் மதிப்பு ஏற ஏற இதுவும் படிப்படியாக ஏறும். பட்டியல் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும், ஆனால் யாரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. வேகமான சேவைகளில் தரகுக் கட்டணம் அனுப்பும் கூலிக்குள்ளேயே அடங்கியிருப்பது உண்டு. மலிவான தரைவழிச் சேவையில்தான் அது தனியாக வந்து அடிக்கும். அனுப்பும் கூலியில் 8 டொலர் மிச்சம் பிடித்து, தரகில் அதைப்போல் பல மடங்கு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இதைத் தவிர்க்கச் சட்டப்படி ஒரு வழி உண்டு: நீங்களே சுங்கத்தில் விடுவிக்கலாம். சிபிஎஸ்ஏ இதைத் தன் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. பார்சல் கனடாவுக்குள் வந்து, கூரியர் அதை விடுவிக்கும் முன்னமே "நானே விடுவிக்கிறேன்" என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் பிரயோசனமில்லை. அவர்களிடமிருந்து பார்சலின் சரக்குக் கட்டுப்பாட்டு எண்ணும் இன்வாய்ஸும் வாங்குங்கள். புகைப்பட அடையாள அட்டையோடு சிபிஎஸ்ஏ-யின் உள்நாட்டு அலுவலகம் ஒன்றுக்குப் போய் வரியைக் கட்டினால் அதற்கான படிவத்தில் முத்திரை குத்தித் தருவார்கள். அதைக் கூரியரிடம் காட்டினால் பார்சல் உங்கள் கையில், தரகுக் கட்டணம் இல்லாமல்.

தொலைபேசியில் கூரியர் ஊழியர் "அப்படி ஒரு வழி இல்லை" என்று சொல்லலாம். தெரியாமல் சொல்பவர்களும் உண்டு. தரகுப் பிரிவுக்கு இணைப்புக் கேளுங்கள், பொறுமையாக இருங்கள், பேச்சை மின்னஞ்சலிலும் பதிவு செய்யுங்கள். ஆனால் கணக்கும் பாருங்கள். ஸ்காபரோவில் இருந்து 401 நெடுஞ்சாலையில் பியர்சன் விமான நிலையப் பக்கம் போய் வருவது என்றால் அரை நாள் வேலை போச்சு. 20 டொலர்க் கட்டணத்துக்கு அது தேவையில்லாத வீம்பு. 80, 100 என்று வரும்போது யோசிக்கலாம்.

பார்சல் கையில் கிடைத்து, சில வாரம் கழித்து பில் வந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதில் வரியும் இருக்கிறது, கட்டாவிட்டால் வசூல் நிறுவனத்துக்குப் போகும். கட்டணத்தில் மட்டும் பிணக்கு என்றால் வரிப் பகுதியை ஏற்றுக்கொண்டு மற்றதை எழுத்தில் கேளுங்கள்.

டிராக்கிங் "சுங்கப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது" என்று அப்படியே நிற்கிறது

தபாலில் வரும் எல்லாமே ரொறன்ரோ, மொன்றியல், வன்கூவர் என்ற மூன்று இடங்களில் உள்ள சிபிஎஸ்ஏ தபால் நிலையங்கள் வழியாகத்தான் உள்ளே வரும். பண்டிகைக் காலத்தில் அங்கே மலைபோல் குவியும். 2024 நவம்பர், டிசம்பரிலும் 2025 இலையுதிர் காலத்திலும் கனடா போஸ்ட் வேலைநிறுத்தம் நடந்தபோது பார்சல்கள் எங்கே கிடக்கின்றன என்றே தெரியாமல் சனம் திண்டாடியது. இந்த நிலையில் தொலைபேசி எடுத்து அவசரப்படுத்த வழி இல்லை. "சுங்கத்தில் இருந்து விடுவிக்கப்பட்டது" என்று மாறிய பிறகும் அசையாமல் இருந்தால் கனடா போஸ்டைக் கேளுங்கள். அதற்கு முந்திய கட்டத்தில் நீண்ட நாள் நின்றால், அனுப்பியவர் தன் நாட்டுத் தபாலகத்தில் தேடுதல் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பெறுபவர் கேட்பதைவிட அனுப்பியவர் கேட்பதற்குத்தான் பலன்.

கூரியரில் நின்றால் பெரும்பாலும் அவர்கள் உங்களிடம் ஏதோ கேட்டுக் காத்திருக்கிறார்கள். மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள்.

கே26 என்ற தடுத்துவைப்பு அறிவித்தல் வந்திருக்கிறது

பயப்பட வேண்டாம். தடுத்து வைப்பது வேறு, பறிமுதல் வேறு. அறிவித்தலில் காரணமும் தொடர்பு விபரமும் இருக்கும். கேட்கும் காகிதத்தைக் கொடுத்தால் விடுபடலாம்.

எங்கள் பார்சல்களில் மாட்டுவது மருந்தும் சாப்பாடும்தான். மருத்துவர் சீட்டில் மட்டும் கிடைக்கும் மருந்துகளைத் தனியாள் தபாலிலோ கூரியரிலோ வரவழைக்கப் பொதுவாக அனுமதி இல்லை. "ஊரில் இதே மாத்திரை கால் விலை" என்பது உண்மைதான், ஆனாலும் மாட்டும். சீட்டுத் தேவையில்லாத மருந்துகளும் சத்து மாத்திரைகளும் சொந்தப் பாவனைக்கு 90 நாள் அளவு வரை சரி. லேகியம், பஸ்பம் வகைகளில் ஈயமும் பாதரசமும் இருந்ததாக ஹெல்த் கனடா பலமுறை எச்சரித்திருக்கிறது. ஆகவே அவை நிறுத்தப்பட்டால் அதிகாரியின் பிழை என்று சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டில் மிளகாய்த்தூள், தேயிலை போன்றவை 20 கிலோ வரை சொந்தப் பாவனைக்குப் பிரச்சினை தருவதில்லை, என்ன பொருள் என்று தெளிவாக எழுதியிருந்தால். லேபிள் இல்லாத வெள்ளைத் தூள், பழுப்புத் தூள் பைகள் ஆய்வுக்குப் போவது நியாயமே. வீட்டில் இடித்த சத்துமா என்றால் அதில் என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். இறைச்சி, பால் பொருட்கள், விதை, செடி, மண் ஒட்டிய எதுவும் தனி விதிகளுக்குள் வரும். உணவுப் பரிசோதனை முகவரகத்தின் ஏஐஆர்எஸ் என்ற தேடு பக்கத்தில் நாட்டையும் பொருளையும் கொடுத்தால் வழி காட்டும்.

"இது வியாபாரத்துக்கா?" என்று கேட்கிறார்கள்

ஒரே மாதிரி 25 சேலை ஒரு பெட்டியில் வந்தால் கேட்கத்தான் செய்வார்கள். சொந்தக்காரருக்கும் தெரிந்தவர்களுக்கும் வீட்டில் வைத்து விற்பதும் வியாபாரமே. அப்படியானால் வணிக எண்ணும் அதன்கீழ் ஆர்எம் என்ற இறக்குமதிக் கணக்கும் வேண்டும். 2024 அக்டோபரில் இருந்து கார்ம் என்ற சிபிஎஸ்ஏ-யின் இணையத்தளத்திலும் பதிய வேண்டும். சொந்தப் பாவனைக்கு வாங்குபவருக்கு கார்ம் தேவையில்லை. உண்மையிலேயே குடும்பத்துக்கு ஒரே நிறத்தில் கல்யாண உடுப்பு எடுத்திருந்தால் அழைப்பிதழை ஆதாரமாகக் கொடுங்கள்.

ஊரில் இருந்த சொந்தச் சாமானுக்கே வரி கேட்கிறார்கள்

குடியேறி வந்த அன்று விமான நிலையத்தில் பிஎஸ்எஃப்186 படிவத்தில் "பின்னால் வரும் பொருட்கள்" பட்டியலைக் கொடுத்தீர்களா என்பதுதான் கேள்வி. வருவதற்கு முன்பே உங்களுக்குச் சொந்தமாக இருந்து நீங்கள் பாவித்தவை, அந்தப் பட்டியலில் இருந்தால், பிறகு வந்தாலும் தீர்வை இல்லை. ஒரு பொருள் 10,000 டொலரைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்குப் போடுவார்கள். வந்து ஒரு வருடத்துக்குள் விற்றாலும் கட்ட வேண்டி வரும். பட்டியலில் சேர்க்கவில்லை என்றால் பின்னர் சேர்ப்பது கடினம். ஆகவே யாராவது புதிதாக வருகிறார்கள் என்றால் நகை, தையல் மெசின், பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் எழுதச் சொல்லுங்கள்.

இறந்துபோன பாட்டியின் நகை உங்களுக்கு வந்தால் அது வேறு வகை. இறந்தவரின் சொத்தில் இருந்து வருபவற்றைத் தீர்வை இல்லாமல் விட 9806 என்ற தனி வகை எண் இருக்கிறது. உயிலின் பிரதியும் இறப்புச் சான்றிதழும், ஆங்கில மொழிபெயர்ப்போடு, பார்சல் வரும் முன்பே கையில் இருக்கட்டும்.

பொருளைத் திருப்பி அனுப்பியாயிற்று, கட்டிய வரி?

கடை பொருளின் விலையைத் திருப்பித் தரும், வரியைத் தராது. வரி சிபிஎஸ்ஏ-யிடம் இருக்கிறது. மறுபடி பி2ஜி படிவம்தான். பொருள் நாட்டை விட்டுப் போனதற்கான டிராக்கிங் ஆதாரம், கடை காசு திருப்பித் தந்த ரசீது இரண்டும் இல்லாமல் அனுப்பாதீர்கள். கடையே வாங்கும்போது கனடிய வரியை எடுத்திருந்து, வாசலிலும் மறுபடி எடுத்தார்கள் என்றால், இன்வாய்ஸில் கடையின் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

"உங்கள் பார்சல் சுங்கத்தில், 3.19 டொலர் கட்டவும்" என்று குறுஞ்செய்தி

நீங்கள் ஒன்றும் வாங்கவில்லை என்றால் அழித்துவிடுங்கள். வாங்கியிருந்தால் அந்த இணைப்பைத் தொடாமல், டிராக்கிங் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள். காசு கட்ட வேண்டியிருந்தால் அங்கேயும் காட்டும். சிபிஎஸ்ஏ தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ சமூகக் காப்புறுதி எண்ணும் கடன் அட்டை எண்ணும் கேட்பதில்லை. "உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது, கைது செய்ய வருகிறோம்" என்று மிரட்டும் அழைப்பும் இதே கூட்டம்தான். தொலைபேசியை வையுங்கள். சந்தேகம் என்றால் சிபிஎஸ்ஏ-யின் 1-800-461-9999 எண்ணுக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள். அட்டை விபரத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டால் முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள். அப்புறம் கனடிய மோசடித் தடுப்பு நிலையத்துக்கு 1-888-495-8501 எண்ணில் அறிவியுங்கள்.